ஆலயத்தில் யாருக்கு எந்த இடம்?

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் ஆவடியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. இந்தியத் தேசியக் காங்கிரசின் 60ஆவது மாநாடு உ. ந. தேபர் தலைமையில் அங்குக் கூடியது. பிரதமர் நேருவும், அந்நாளில் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த காமராசரும் கலந்துகொண்ட அம்மாநாட்டில், சமதர்ம வழியிலான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் நோக்கம் என்னும் தீர்மானம் நிறைவேறியது. நாட்டின் செல்வம் சிலர் கையில் முடங்கிவிடாமல் யாவர்க்கும் நேர்மையாகப் பங்கிடப்படவேண்டும் என்பது அதன் சாரம். வரலாற்று நூல்கள் அதனை ஆவடித் தீர்மானம் என்றே குறிப்பிடுகின்றன.

அதன்பின் இப்பகுதி எவ்வளவோ மாறிவிட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைவீரர்க்கான உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பட்டறைகளும் கிடங்குகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களாயிருந்தவை மாநகரத்தோடு ஒன்றிவிட்டன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று.

ஆவடித் தீர்மானம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை அரசியல் அறிஞர்கள் ஆராயட்டும். கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கு வேறொரு கேள்வி உண்டு. அத்தீர்மானத்திற்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னரே இதே பொருள் குறித்துத் திருச்சபைக்கு ஒரு கட்டளை வந்தது. அது எழுதப்பட்ட மடல் இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அக்கட்டளையை நாம் எந்த அளவுக்கு நிறைவேற்றியிருக்கிறோம்?

யாகப்பர் கண்ட குறை

அக்கட்டளையைத் தந்தவர் புனித யாகப்பர். தம் மடலின் இரண்டாம் அதிகாரத்தில் அவர் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். விசுவாசிகள் கூடியிருக்கும் இடத்திற்கு இருவர் வருகின்றனர். ஒருவர் விரலில் பொன் மோதிரம். உடலில் பகட்டான ஆடை. மற்றவர் அழுக்குடை அணிந்த ஏழை. முதல்வருக்கு நல்ல இருக்கை காட்டப்படுகிறது. ஏழையோ நிற்கும்படி சொல்லப்படுகிறார். இல்லையேல் கால்மணையருகே தரையில் அமரும்படி பணிக்கப்படுகிறார். இப்படிச் செய்வோர் தீய எண்ணத்தோடு தீர்ப்பிடும் நடுவர்களாகிவிட்டனர் என்று அப்போஸ்தலர் கண்டிக்கிறார்.

இக்காட்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஏழையை எவரும் வெளியே துரத்தவில்லை. அவருக்குச் செபத்தில் பங்குண்டு. ஒருவேளை கூட்டம் முடிந்தபின் உதவியும் கிடைத்திருக்கலாம். இருந்தும் யாகப்பர் அதைப் பாவம் என்கிறார். அவர் கண்டிப்பது ஈகையின்மையை மட்டுமன்று. மனிதரைத் தரம் பிரிக்கும் கண்ணையே அவர் கண்டிக்கிறார். தாராளமாகத் தருமம் செய்யும் ஒருவர்கூட இப்பாவத்திற்கு ஆளாகலாம் என்பது இதனால் விளங்குகிறது.

மூல நூலின் கிரேக்க மொழியில் இக்குற்றத்தைச் சுட்டும் சொல்லுக்கு 'முகத்தை ஏற்றல்' என்பது நேர்ப்பொருள். 'முகம் பார்த்தல்' என்று நம் வழக்கிலும் சொல்கிறோம். முகம் பார்த்து மரியாதை, முகம் பார்த்து நியாயம், முகம் பார்த்துப் பந்தியில் பரிமாறுதல் ஆகியன நாம் அறியாதவையல்ல. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் பழமொழி. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது மற்றொன்று. உலக நடப்பைக் கண்டு மனம் கசந்தோர் சொல்லிவைத்தவை இவை. உலகம் அப்படித்தான் நடக்கிறது. திருச்சபை அப்படி நடக்கலாகாது என்பதே யாகப்பரின் வாதம்.

பின்னால் நிற்பவர் யார்?

ஞாயிறு காலைத் திருப்பலிக்கு நம் ஆலயங்களில் கூடுவோரைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தொழிற்சாலை அதிகாரி குடும்பத்தோடு வருகிறார். பட்டறை முதலாளி வருகிறார். அவரிடமே கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவரும் வருகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை, ஆட்டோ ஓட்டுநர், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய், ஒப்பந்தத் தொழிலாளி, தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் இளைஞர் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கின்றனர். அரசுக் குடியிருப்புகளில் பதவிக்கேற்ப வீட்டின் அளவு மாறும். அலுவலகத்தில் நாற்காலியின் உயரமும் மாறும். நற்கருணை வாங்கச் செல்லும் வரிசைக்கு மட்டும் தரவரிசை கிடையாது. இத்தகைய ஒன்றுகூடல் இந்நகர்ப்புறத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதில்லை. இது நமக்குக் கிடைத்துள்ள அரிய பேறு.

ஆயினும் ஆலயத்தின் கடைசியிலும் வாயிற்படியிலும் நிற்போரைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவர்களுள் அசட்டையால் நிற்போர் சிலர். இரவு வேலை முடித்து எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நேரே வந்தவர்கள் சிலர். 'இந்த உடையில் முன்னே போய் உட்காரலாமா?' என்னும் கூச்சமே அவர்களை வாயிலில் நிறுத்திவிடுகிறது. அவர்களை யாரும் தடுக்கவில்லை என்பது மெய்யே. யாராவது அழைத்தோமா என்பதே கேள்வி.

கொரிந்து நகர்ச் சபையிலும் இது போன்றதொரு நிலை இருந்தது. ஆண்டவரின் விருந்துக்காக ஒன்றுகூடியவர்களுள் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு குடித்தனர், இல்லாதோர் பசியோடிருந்தனர். அவ்வேழைகள் வேலை முடித்து நேரம் கழித்து வந்த அடிமைகளும் கூலியாட்களுமாக இருக்கவேண்டும் என விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர். புனித சின்னப்பர் இதைச் சிறு ஒழுங்கீனமாகக் கருதி விட்டுவிடவில்லை. நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று கடிந்துரைத்தார். நற்கருணையை நிறுவிய வரலாற்றை அவர் எழுதிவைத்ததே இக்கண்டனத்தின் நடுவில்தான். இல்லாதவரை நாணச் செய்யும் சபையில் நற்கருணையின் பொருளே சிதைகிறது என்பது அவர் கருத்து.

ஒரு சுவரின் வரலாறு

அம்பத்தூர், ஆவடிப் பங்குகளில் நெல்லை, குமரி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள. அவர்களுக்கு வடக்கன்குளம் என்னும் பெயர் புதிதன்று. முகம் பார்த்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவ்வூர் வரலாறே சான்று.

வடக்கன்குளத்தில்தான் 1745ஆம் ஆண்டு நீலகண்டன் என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பது அவருக்குச் சூட்டப்பட்ட பெயர். அதன் தமிழ் வடிவமே தேவசகாயம். லூக்காஸ் நற்செய்தியின் உவமையில் செல்வனின் வாயிலில் புண்களோடு கிடந்த ஏழையின் பெயரும் லாசர்தான். அவ்வுவமையில் செல்வனுக்குப் பெயரில்லை, ஏழைக்குப் பெயருண்டு. அந்தச் செல்வன் லாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. தன் வாயிலிலேயே கிடந்தவனை அவன் ஒரு பொருட்டாக எண்ணவில்லை, அவ்வளவே. அரண்மனையில் செல்வாக்கோடிருந்த நம் தேவசகாயம், வாயிலில் கிடந்த ஏழையின் பெயரை ஏற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரும் சமம் என வற்புறுத்தினார். அது மேட்டுக்குடியினரின் வெறுப்பைக் கிளறிவிட்டது. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு பெற்ற முதல்வரானார். சாதிப் பெயர் ஒட்டாமலே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது.

இவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், ஒரு நூற்றாண்டுக்குப் பின் நடந்ததென்ன? 1872இல் அங்குக் கட்டப்பட்ட ஆலயம் இரு கிளைகளாகப் பிரிந்திருந்தது. மேல்சாதியார் எனப்பட்டோர் ஒரு கிளையில். ஏனையோர் மறு கிளையில். நடுவே சுவர். இரு சாராரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரே பீடத்தைக் காணலாம். கால்சட்டைக் கோயில் என்று பிறர் நகைக்கும்படி அது நின்றது. 1910இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. தமக்குத் தனியிடம் உரிமை என்று கேட்டோர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வுரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அச்சுவர் சாதியால் எழுந்தது. நாம் பேசுவதோ செல்வரும் வறியவரும் பற்றி என்று சிலர் கூறலாம். வேர் ஒன்றே. நம் நாட்டில் சாதியும் வறுமையும் பெரும்பாலும் கைகோத்தே வந்துள்ளன. கல்லால் கட்டிய சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம். நாற்காலியாலும் பட்டுத் துணியாலும் பார்வையாலும் கட்டப்படும் சுவரை இடிப்பது அரிது. அதனைச் சுவர் என்று ஒப்புக்கொள்வதே அரிது.

திருச்சபை வகுத்த விதி

இக்குறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய நாடுகளில் வசதியுள்ள குடும்பங்கள் வாடகை செலுத்தி ஆலயத்தின் நல்ல இருக்கைகளைத் தமக்கெனப் பிடித்து வைத்திருந்த காலம் உண்டு. பிரான்சு போன்ற நாடுகளில் அடக்கச் சடங்குகூட முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எனக் கட்டணத்திற்கேற்பப் பிரிக்கப்பட்டிருந்தது. இறந்தவர் செலுத்திய பணத்தை வைத்து மெழுகுதிரிகளின் எண்ணிக்கை கூடிற்று, குறைந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதற்கு முடிவு கட்டியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தின் 32ஆம் எண், சடங்குகளிலாயினும் வெளி ஆடம்பரத்திலாயினும் தனிப்பட்ட எவருக்கும் எவ்வகுப்பாருக்கும் சிறப்பு மரியாதை காட்டலாகாது எனத் தெளிவாகச் சொல்கிறது. வழிபாட்டுப் பணியினாலும் குருத்துவத்தினாலும் வரும் வேறுபாடும், அரசு அதிகாரிகளுக்கு வழிபாட்டுச் சட்டம் அனுமதிக்கும் மரியாதையும் மட்டுமே அதற்கு விலக்கு. பணம் அவ்விலக்குகளில் இடம்பெறவில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 848ஆம் சட்டம், வறுமை காரணமாக எவரும் திருவருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளப் பணிக்கிறது. 1181ஆம் சட்டம், அடக்கச் சடங்கில் ஆளுக்கேற்ற பாகுபாடு கூடாது என்றும், ஏழைகளுக்குத் தக்க அடக்கம் மறுக்கப்படலாகாது என்றும் விதிக்கிறது. யாகப்பர் ஆலய இருக்கையைப் பற்றிச் சொன்னதைச் சட்டம் கல்லறை வரை கொண்டு செல்கிறது. திருப்பலிக்கு விலை கிடையாது. காணிக்கை என்பது விருப்பத்தால் தருவதே என்று 2018 மார்ச் மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் மக்களுக்கு நினைவூட்டினார். வறியோர்க்கான உலக நாளை ஏற்படுத்தியவரும் அவரே. 2017 நவம்பரில் அது முதன்முறை கொண்டாடப்பட்டது. அவருக்குப் பின் வந்த பாப்பரசர் பதினான்காம் லியோ, 2025 அக்டோபரில் வெளியிட்ட தம் முதல் ஊக்கவுரையை ஏழைகள்பால் காட்டவேண்டிய அன்பைப் பற்றியே எழுதினார்.

ஆகவே விதிகளுக்குக் குறைவில்லை. பங்கின் நடைமுறையில்தான் சோதனை. ஒரு பெரிய வீட்டு அடக்கத்திற்குப் பாடற்குழு முழுவதும் வருகிறது. குடிசைப் பகுதியில் இறந்த மூதாட்டிக்கு நால்வர் பாட வருகின்றனரா? பங்குத் தந்தையைக் காண வருபவருள் காரில் வந்தவர் உள்ளே அழைக்கப்பட, நடந்து வந்தவர் திண்ணையில் காத்திருக்கிறாரா? பங்குப் பேரவையில் கூலித் தொழிலாளிக்கு இடமுண்டா? இடம் கிடைத்தபின் அவர் சொல் அம்பலம் ஏறுகிறதா? இவற்றுக்கு விடை சொல்லவேண்டியவர் குருக்கள் மட்டுமல்லர்; நாம் அனைவருமே.

சோறு உண்டு; இடம் இல்லை

ஆலயத்தில் காணும் பாகுபாடு ஆலயத்தில் பிறப்பதில்லை. வீட்டில் பிறந்து அங்கு வந்து சேர்கிறது. இதனை விளக்க நம் பூவிருந்தவல்லியிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. வைணவப் பெரியார் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. இராமானுசர் அவரைத் தம் குருவாகப் போற்றினார். ஒருநாள் தம் இல்லத்தில் உண்ண அழைத்து, அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ணவேண்டும் என்று விரும்பினார். இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்தார். இராமானுசரின் மனைவி அவருக்கு அமுது படைத்தார். நம்பிகள் அந்தணர் அல்லர் என்பதனால், அவர் உண்டு போனபின் அவ்விடத்தைக் கழுவி, நீராடி, கணவனுக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த இராமானுசர் அதை அறிந்து மனம் வருந்தினார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி.

அந்த அம்மையார் விருந்தினரைப் பட்டினியாக அனுப்பவில்லை. சோறு கொடுத்தார், இடம் கொடுக்கவில்லை. பிற சமயத்தாரின் பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட நமக்கு அருகதையுண்டா? நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு நாம் காப்பி கொடுக்கிறோம். அந்தத் தம்ளர் மற்றத் தம்ளர்களோடு இருக்கிறதா, சன்னலோரத்தில் தனியே கவிழ்ந்திருக்கிறதா? நம் பிள்ளைகள் அவரை எப்படி அழைக்கின்றனர்? அப்பாவின் மேலதிகாரி வந்தால் எழுந்து நின்று வணங்கும் சிறுவன், வயதில் தன் பாட்டியை ஒத்தவரை 'வேலைக்காரி' என்று சொல்லுமிடத்தில் மறைக்கல்வி வகுப்பில் அவன் கற்ற அன்பின் பாடம் எங்கே போயிற்று? அன்றாடம் கண்ணால் காணும் தம்ளரிலிருந்து பிள்ளைகள் கற்பதை எந்த மறையுரையாலும் அழிக்க இயலாது.

இதே பார்வைதான் வடநாட்டிலிருந்து வந்து நம் தொழிற்பேட்டைகளில் உழைக்கும் இளைஞர்கள்மேலும் விழுகிறது. அவர்களை 'வடக்கத்திப் பையன்கள்' என ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சார்க்கண்டு, ஒடிசா, சத்தீசுகர் மாநிலங்களின் பழங்குடியினருள் கத்தோலிக்கர் பெருந்தொகையினர் என்பதை நம்மவர் பலர் அறியார். பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்தான் லீவென்ஸ் 1885இல் சோட்டாநாகபுரிப் பகுதிக்குச் சென்று, நிலக்கிழார்களிடம் நிலம் இழந்து தவித்த அம்மக்களுக்கு நீதிமன்றங்களில் துணைநின்றார். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் விசுவாசம் பெற்றனர். ஆலயத்தின் பின்வரிசையில் மொழி புரியாமல் நிற்கும் இளைஞர் நான்கைந்து தலைமுறைக் கத்தோலிக்கராய் இருக்கலாம். அவர் நம் தயவை நாடி வந்த அந்நியரல்லர். தம் தந்தையின் இல்லத்திற்கு வந்திருக்கும் மகன்.

ஞாயிறும் திங்களும்

ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தின் முன் சமாதானம் கூறிக் கைகூப்பும் முதலாளியும் தொழிலாளியும் திங்கட்கிழமை பட்டறையில் சந்திக்கின்றனர். அங்கே சமத்துவத்திற்கு ஒரு கணக்கு உண்டு. அது கூலிக் கணக்கு. ஏழைக்கு ஆலயத்தில் இருக்கை கொடுக்கச் சொன்ன அதே யாகப்பர், தம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலில் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி விண்ணை நோக்கி முறையிடுகிறது என எழுதினார். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும் என்பது மோயீசன் தந்த சட்டம்.

1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது, தொழிலாளியும் அவன் குடும்பமும் சிக்கனமாகவேனும் வாழப் போதிய கூலி நீதியின் பாற்பட்டது என வலியுறுத்தினார். 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்று சோதித்தறிய நியாயமான கூலியே உரைகல் என்றார். லியோ என்னும் பெயரைத் தாம் தேர்ந்ததற்கு 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலே முக்கிய காரணம் என்று 2025 மே மாதத்தில் இன்றைய பாப்பரசர் விளக்கினார்.

சிறு பட்டறை நடத்துவோரின் இடர்ப்பாடுகளையும் நாம் அறிவோம். பெரிய நிறுவனம் தொகையை மூன்று மாதம் இழுத்தடித்தால் சிறு முதலாளியின் கையும் கட்டுண்டுவிடுகிறது. எனினும் அச்சுமை முழுவதும் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். வங்கிக்குத் தவணை தவறுவதில்லை, மின்கட்டணம் தவறுவதில்லை, தொழிலாளியின் வாரக்கூலி மட்டும் தவறலாம் என்றாகிவிட்டால், அங்கே முகம் பார்த்தல் கணக்குப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது எனலாம். கிறிஸ்துமசுக்குப் புத்தாடையும் இனிப்பும் கொடுத்து இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. உரியதைக் கொடுத்தபின் கொடுப்பதே தருமம்.

கொடுத்தவருக்கு மரியாதை வேண்டாமா?

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். 'ஆலயம் கட்டப் பெருந்தொகை தந்தவர் அவர். அவருக்கு முன்வரிசையில் ஓர் இடம் கொடுத்தால் என்ன குற்றம்? நன்றி மறப்பதும் பாவம் அல்லவா?'

நன்றி மறத்தல் ஆகாது. ஆலயத்திற்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அள்ளிக் கொடுத்த நல்லோரால் இப்பகுதித் திருச்சபை வளர்ந்திருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லவும், அவர்களுக்காக மன்றாடவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நன்றி வேறு, முதலிடம் வேறு என்பதையே மறந்துவிடுகிறோம். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் செல்வர் பலர் மிகுதியாகப் போட்டனர். ஏழைக் கைம்பெண் இரு செப்புக்காசுகள் போட்டாள். அவளே அதிகம் போட்டாள் என்றார் ஆண்டவர். தொகையை வைத்து வரிசை அமைப்பதாயின், ஆண்டவரின் கணக்குப்படி முன்வரிசை யாருக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருவிழா அழைப்பிதழில் நன்கொடையாளர் பெயர்களை அச்சிடும்போது எழுத்தின் அளவைத் தொகைக்கேற்பப் பெரிதாக்கும் வழக்கத்தை இந்த ஒளியில் எண்ணிப் பார்ப்பது நன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஏழையைச் சமமாக நடத்துவது என்றால் செல்வரை இகழ்வது என்று பொருளாகாது. ஏழை என்பதற்காக ஒருதலைப்பட்சமாகவோ, வலியவன் என்பதற்காக அஞ்சியோ தீர்ப்பிடலாகாது என்று லேவியராகமம் இரு பக்கத்தையும் தடுக்கிறது. இயேசு பெருமான் வரிதண்டுவோர் தலைவனாகிய சக்கேயுவின் வீட்டுக்குத் தாமே விருந்தினராய்ச் சென்றார். அவனுடைய செல்வத்தைக் கண்டு அவர் மயங்கவுமில்லை, அவனை ஒதுக்கவுமில்லை. அச்சந்திப்பின் பயனாகச் சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்தான். செல்வரையும் மனிதராக மதிப்பவர்களே அவர்களிடம் இவ்வளவு எதிர்பார்க்க முடியும். முகத்துதி செய்வோர் அவர்களுக்கு உண்மையைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு இழைக்கும் கேடு அது.

நாம் செய்யக்கூடியவை

1833இல் பாரிசு நகரில் பிரடெரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவரும் அவர் தோழர்களும் ஏழைகளுக்கு உதவ ஒரு சிறு குழுவைத் தொடங்கினர். நம் பங்குகளிலும் பணிபுரியும் வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம் அதுவே. உதவியை யார் கையிலேனும் கொடுத்தனுப்பாமல், தாமே ஏழையின் இல்லத்திற்குச் சென்று சந்திப்பது அச்சபையின் முதல் விதி. அதன் ஆழத்தை நாம் உணரவேண்டும். நம் வாசலுக்கு ஏழை வந்தால் நாம் இடம் தருபவர்கள். அவர் வீட்டுக்கு நாம் சென்றால் இடம் தருபவர் அவர். அவர் விரித்த பாயில் அமர்ந்து, அவர் கொடுத்த தண்ணீரைப் பருகும்போது இருவரும் சமமாகின்றனர்.

இந்த ஒரு விதியை எல்லாக் குடும்பங்களும் கைக்கொள்ளலாம். அன்பியக் கூட்டத்தைப் பெரிய வீடுகளிலேயே நடத்தாமல், ஒற்றை அறை வீட்டிலும் முறைவைத்து நடத்தலாம். இடம் போதாவிடில் வாசலில் அமர்வோம். பங்கின் ஏழை வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பு வந்தால், மொய்ப்பணத்தை ஆள் மூலம் அனுப்பாமல் குடும்பத்தோடு சென்று பந்தியில் உண்போம். அக்கம்பக்கத்தில் ஏழை இறந்தால் கல்லறைத் தோட்டம் வரை உடன் நடப்போம். ஆலயத்தில் நம்மருகே இடமிருந்தால், வாயிலில் நிற்பவரைக் கைகாட்டி அழைத்து நகர்ந்துகொள்வோம். வீட்டில் தம்ளர்களை ஒன்றாகவே வைப்போம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. நம்முடைய தயக்கம் ஒன்றே தடை.

இவ்வளவும் செய்யுமுன் தொடங்கக்கூடிய சிறு செயல் ஒன்று உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவர், தெருவைப் பெருக்குபவர், பட்டறையில் உதவியாளர், குடியிருப்பின் காவலர் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? அவர்களின் பிள்ளைகள் என்ன படிக்கின்றனர் என்று தெரியுமா? தெரியாவிடில் நாளையே கேட்டறிவோம். இரவில் குடும்பமாகச் செபமாலை சொல்லி முடித்தபின், உறவினர்க்காக மன்றாடும் அதே வரிசையில் அவர்களுக்காகவும் பெயர் சொல்லி மன்றாடுவோம். பிள்ளைகள் அதனைக் கேட்டு வளரட்டும்.